ஆட்டோ டிப்ளாய்க்கு ‘கிட் புல்’ போதுமாம்!

சர்வர்சாமி:
கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருள்) புஷ் செய்த கோடு தானாக சர்வருக்குப் போவது (ஆட்டோ டிப்ளாய்) பற்றி இன்னொரு இழையில் ஒருவர் திருவாய் மலர்ந்திருக்கிறார்: “வெப் ரூட்டிலேயே (சைட்டின் ஃபைல்கள் வெளியே தெரியும் ஃபோல்டர்) ரெப்போவை (கோடும் அதன் வரலாறும் உள்ள கிட் களஞ்சியம்) குளோன் செய்யுங்கள். புஷ் நடந்ததும் வெப்ஹூக் (புஷ் நடந்ததை சர்வருக்குச் சொல்லும் தானியங்கி அழைப்பு) வந்து கிட் புல் (புதிய மாற்றங்களை இழுக்கும் கட்டளை) ஓடட்டும். இதற்கு மேல் சொல்வதெல்லாம் பந்தா.” படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அப்படிச் செய்தால் வரலாறு முழுவதும் சேமித்திருக்கும் .கிட் ஃபோல்டரும் வெப் ரூட்டில்தான் கிடக்கும். எவனாவது பிரவுசரில் /.கிட்/ஹெட் என்று தட்டி ஃபைல் வந்துவிட்டால், மொத்த கோடையும் வரலாற்றோடு உருவிவிடுவான். என்றோ கமிட் செய்து அப்புறம் நீக்கிய டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அதில் இருக்கும்.

நள்ளிரவுக்கமிட்:
அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் .கிட் முகவரிக்கு ஒரு லொக்கேஷன் பிளாக் (விதி), அதில் டினை ஆல் (யாருக்கும் அனுமதி இல்லை). முடிந்தது கதை.

சர்வர்சாமி:
சர்வர் மாறும்போது அந்த பிளாக்கை ஞாபகமாக எடுத்துப்போவது யார்? பேர் (bare) ரெப்போவை, அதாவது ஒர்க்கிங் ஃபைல்கள் இல்லாமல் வரலாறு மட்டும் உள்ளதை, வெப் ரூட்டுக்கு வெளியே வையுங்கள். புஷ் வந்ததும் ஓடும் போஸ்ட்-ரிசீவ் ஹூக்கில் ஒர்க் ட்ரீயாக (ஃபைல்கள் விரியும் இடம்) வெப் ரூட்டைக் காட்டி செக்கவுட் கொடுங்கள். ஃபைல்கள் மட்டும் போகும், .கிட் போகாது.

சிம்லிங்க்பிரியன்:
இரண்டுமே அரைகுறை. செக்கவுட் ஓடும்போது பாதி ஃபைல் பழசு, பாதி புதுசு. அந்த நேரத்தில் வரும் ரிக்வெஸ்ட்டின் கதி? கேபிஸ்ட்ரானோ என்ற டிப்ளாய் கருவி செய்வதுபோல் ஒவ்வொரு ரிலீசுக்கும் தனி டைரக்டரி வைத்து, எல்லாம் தயாரானதும் ‘கரண்ட்’ சிம்லிங்க்கை (வேறொரு டைரக்டரியைச் சுட்டும் குறுக்குவழி) மாற்றுங்கள். சொதப்பினால் பழையதற்கே திருப்பலாம்.

நள்ளிரவுக்கமிட்:
சிம்லிங்க்கை மாற்றியும், பிஹெச்பி கோடை நினைவில் வைத்திருக்கும் ஓபிகேஷ் பழைய பிஹெச்பியையே ஓட்டுகிறது என்று போன தடவை இங்கே கதறியது யாரோ?

சிம்லிங்க்பிரியன்:
என்ஜின்எக்ஸில் டாக்குமெண்ட் ரூட்டுக்குப் பதில் ரியல்பாத் ரூட் (சிம்லிங்க் சுட்டும் உண்மையான பாதை) கொடுத்தால் தீரும் என்று நானே அங்கே எழுதியிருந்தேன். அதைப் படிக்க உங்களுக்கு நேரம் இருந்திருக்காது.

சர்வர்சாமி:
எந்த முறையானாலும் சரி, வெப் ரூட்டில் .கிட் கூடாது.

பழையஎஃப்டிபி:
கிட்டுக்கு முன் இருந்த சப்வெர்ஷன் (எஸ்விஎன்) காலத்தில் போஸ்ட்-கமிட் ஹூக்கில் எஸ்விஎன் அப்டேட் போட்டோம். யாரும் சாகவில்லை. கிட் வந்த பிறகுதான் எல்லாருக்கும் தலைக்கனம்.

சர்வர்சாமி:
அதுவும் இதே ஓட்டைதான். சப்வெர்ஷன் 1.7 வரும்வரை ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒரு .எஸ்விஎன் இருந்தது, மறந்துவிட்டதா?

பழையஎஃப்டிபி:
அதற்குத்தான் .எஸ்விஎன் இல்லாமல் ஃபைல்களை மட்டும் எடுக்கும் எஸ்விஎன் எக்ஸ்போர்ட் இருக்கிறது தம்பி.

சர்வர்சாமி:
நீங்கள் போட்டதாகச் சொன்னது அப்டேட். மேலே அப்படியே இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவுக்கமிட்:
2015-ல் வந்த கிட் 2.3-லேயே ‘அப்டேட்இன்ஸ்டெட்’ இருக்கிறது. புஷ் செய்தால் சர்வரில் ஒர்க்கிங் ட்ரீ தானாக மாறும். கிட் எழுதியவர்களே கொடுத்த வசதியை வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார்?

சர்வர்சாமி:
சர்வரில் யாராவது கையால் ஃபைலைத் திருத்தி வைத்திருந்தால் அந்த புஷ்ஷையே அது ஏற்காது. அந்த மட்டில் நல்ல வசதிதான். ஆனால் அந்த ஒர்க்கிங் ட்ரீதான் வெப் ரூட் என்றால் .கிட் எங்கே இருக்கும்? அதற்கு மட்டும் பதில் வரவே மாட்டேன் என்கிறது.

புதுவரவு:
வெப்ஹூக்கின் ஹெச்மேக் கையொப்பத்தை (அழைப்பு உண்மையானதுதான் என்று ரகசியச் சாவியால் காட்டும் முத்திரை) யாராவது சரிபார்க்கிறீர்களா? பார்க்காவிட்டால் முகவரி தெரிந்த எவரும் டிப்ளாயைக் கிளப்பிவிடலாமே?

சர்வர்சாமி:
தனி இழை தொடங்குங்கள். இங்கே .கிட் பற்றிப் பேசுகிறோம்.

சிம்லிங்க்பிரியன்:
பேசுகிறோமா, பேசுகிறீர்களா? பாதிப் பதிவு உங்களுடையதுதான். அவர் கேட்டது உங்கள் .கிட்டை விடப் பெரிய விஷயம்.

சர்வர்சாமி:
பெரிய விஷயம் என்றால் நீங்களே பதில் சொல்லுங்களேன். கேபிஸ்ட்ரானோ புராணத்தை எத்தனை இழையில்தான் படிப்பது?

நள்ளிரவுக்கமிட்:
என் சைட்டில் /.கிட்/ஹெட் தட்டிப் பாருங்கள். 403 (அனுமதி இல்லை) என்றுதான் வரும்.

சர்வர்சாமி:
403 வந்தால் ஃபோல்டர் உள்ளே இருக்கிறது என்று நீங்களே தண்டோரா போடுகிறீர்கள்.

நள்ளிரவுக்கமிட்:
ஃபோல்டரே இல்லாவிட்டாலும் அந்த விதி 403தான் கொடுக்கும். என்ஜின்எக்ஸ் தெரிந்தவர்கள் பேசட்டும்.

சர்வர்சாமி:
சரி, உங்கள் சர்வரில் இருக்கிறதா, இல்லையா?

நள்ளிரவுக்கமிட்:
முதலில் 403-க்குப் பதில் சொல்லுங்கள்.