ராத்திரி முழுக்க ஊறியும் சிக்கன் மேலே கொழகொழ, உள்ளே உப்பே இல்லை: உதவி தேவை

மாடிவீட்டு அடுக்களை:

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயித்துக்கிழமை நாத்தனார் குடும்பம் விருந்துக்கு வர்றாங்க. தவா சிக்கன்னா அவங்க பிள்ளைங்களுக்கு உயிர். எனக்கு அது சரியா அமைய மாட்டேங்குது. அதுக்குள்ள காரணம் தெரிஞ்சா நல்லா இருக்கும்.

நான் செய்யறது இதுதான். தோல் உரிச்ச பிராய்லர் 2 கிலோ, நெஞ்சுக்கறியும் லெக் பீஸும் கலந்து. கட்டித் தயிர் ஒரு கப், ரெண்டு எலுமிச்சம்பழச் சாறு, பச்சைப் பப்பாளி விழுது 3 டேபிள்ஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது, காஷ்மீரி மிளகாய்த்தூள், மல்லித்தூள், கரம் மசாலா, மஞ்சள்தூள், உப்பு 2 டீஸ்பூன். எல்லாத்தையும் ஒண்ணா பிசறி ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல வெச்சுருவேன். மறுநாள் மதியம் சமையல்.

நெஞ்சுக்கறி மேல தொட்டாலே கொழகொழன்னு வருது, ஆனா கடிச்சா உள்ளே சக்கை. லெக் பீஸ்ல எலும்புகிட்ட உப்பும் இல்லை, காரமும் இல்லை. தவாவுல போட்டதும் தண்ணி விட்டு மசாலா எல்லாம் கழண்டு கல்லுல ஒட்டிக்குது. இன்னும் நேரம் ஊறணும்னு மாமியார் சொல்றாங்க. நேரத்தைக் கூட்டுறதா, பப்பாளியைக் கூட்டுறதா?

கறிக்கடைத் தெரு:

ரெண்டையும் கூட்டாதீங்க அக்கா. பப்பாளியை முதல்ல நிறுத்துங்க. பிராய்லர் ஏறக்குறைய 6 வாரத்துல கடைக்கு வர்ற கோழி, அதோட கறி ஏற்கெனவே மிருதுதான். அதுக்குப் பப்பாளியே வேண்டாம்.

கடையில சொல்லி நெஞ்சுக்கறியைத் தனியா, தொடையையும் காலையும் தனியா போட்டு வாங்குங்க. ரெண்டுக்கும் ஊற வேண்டிய நேரமும் வேற, வேக வேண்டிய நேரமும் வேற. லெக் பீஸ்ல எலும்பு தட்டுற வரைக்கும் ரெண்டு மூணு கீறல் போட்டுருங்க. கீறல் இல்லாம எவ்வளவு ஊறினாலும் எலும்புகிட்ட காரமும் மசாலாவும் போகாது.

உணவியல் டீச்சர்:

தோழி, அளவோட எழுதினதால பதில் சொல்ல வசதியா இருக்கு. உங்க மசாலாவுல நாலு பொருள் நாலு வேலை செய்யுது. எது எவ்வளவு தூரம் போகும்னு தெரிஞ்சா மிச்சமெல்லாம் தானா விளங்கிடும்.

உப்புலேருந்து தொடங்கறேன், ஏன்னா உங்க பிரச்சினையில பாதி அங்கதான் இருக்கு. மசாலாவுல கறிக்குள்ள நிஜமா ஆழமா இறங்குறது உப்பு ஒண்ணுதான். அதுவும் மெதுவாத்தான் இறங்கும், அதனாலதான் மணிக்கணக்குல நேரம் கொடுக்கறோம். மிளகாய், மல்லி, கரம் மசாலா, பூண்டு வாசனை எல்லாம் மேல சில மில்லிமீட்டரோட நின்னுடும். ரெண்டு நாள் ஊற வெச்சாலும் அதுக்கு மேல போகாது. உப்பு சுவைக்கு மட்டும் இல்லை. கறியில இருக்கற புரதத்தைக் கொஞ்சம் தளர்த்தி, வேகும்போது தண்ணியை வெளியே விடாம பிடிச்சுக்க வைக்கும். நீங்க சொல்ற சக்கைத்தன்மை குறையறதுக்கு உப்புதான் உதவும், பப்பாளி இல்லை.

எலும்போட 1 கிலோ கோழிக்கு 12 கிராம் உப்பு வேணும். பொடி உப்புல தலை தட்டின 2 டீஸ்பூன் வரும். நீங்க 2 கிலோவுக்கே 2 டீஸ்பூன் போடறீங்க, அதுல ஒரு கப் தயிரும் எலுமிச்சைச் சாறும் வேற பங்கு கேக்குது. எலும்புகிட்ட உப்பு இல்லாததுல ஆச்சரியமே இல்லை. கல்லுப்புன்னா ஸ்பூன் கணக்கு ஒத்து வராது, எடை போட்டுத்தான் எடுக்கணும்.

அடுத்தது எலுமிச்சை. அதோட பி.எச். 2லேருந்து 2.5 வரைக்கும் இருக்கும், கடுமையான புளிப்பு. ராத்திரி முழுக்க அதுல கிடந்தா நெஞ்சுக்கறியோட மேல்பக்கம் வெளுத்து, தீயே படாம வெந்த மாதிரி ஆகிடும். உள்ளே ஒரு மாற்றமும் இருக்காது. அரை மணி நேரம், மிஞ்சினா ஒரு மணி நேரம் போதும். தயிர் பி.எச். 4.5 வாக்குல இருக்கறதால சாதுவானது. நெஞ்சுக்கறி 4, 5 மணி நேரம் தயிர்ல தாங்கும், தொடை ராத்திரி முழுக்கத் தாங்கும்.

பப்பாளிப் பால்ல பப்பைன்னு ஒரு நொதி இருக்கு. புரதத்தையே துண்டு துண்டா வெட்டிப்போடற நொதி. ஃப்ரிட்ஜ்ல அது மெதுவா வேலை செய்யும். அடுப்புல கறி சூடாகி 60, 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதுதான் அதோட வேகம் உச்சத்துக்குப் போகும். அதுவும் தான் தொட்ட இடத்தை மட்டும்தான் கரைக்கும். அதனாலதான் உங்களுக்கு மேலே கொழகொழ, உள்ளே சக்கைன்னு ரெண்டு குறையும் ஒரே துண்டுல வருது.

திண்டுக்கல் பேத்தி:

டீச்சர், எங்க அப்பத்தா பப்பாளிக்காய் போட்டுத்தான் கறி வேகவைக்கும். நல்லாத்தானே வரும்? பப்பாளியை இப்படி ஒதுக்கறது எனக்கு மனசுக்கு ஒப்பலை.

உணவியல் டீச்சர்:

உங்க அப்பத்தா செஞ்சது சரிதான்மா. அது முத்தின ஆட்டுக்கறியா இருந்திருக்கும். அந்தக் கறிக்குப் பப்பாளி நல்ல துணை. லக்னோவுல கலவுட்டி கபாபுக்குக் கொத்துக்கறியில பச்சைப் பப்பாளி சேர்க்கறாங்க, வாயில வெச்சா கரையணுங்கறதுதான் அந்தக் கபாபோட நோக்கமே. பிராய்லருக்கு அந்த நோக்கம் இல்லை. ஆசையா இருந்தா கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விழுது, சமைக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னால. அதுக்கு மேல வேண்டாம். அன்னாசிப்பழத்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

வீட்டுல புதுசா அரைச்ச இஞ்சியிலயும் இந்த மாதிரி ஒரு நொதி இருக்கு. பப்பாளி இல்லாமலே இஞ்சி ஓரளவு அந்த வேலையைப் பார்த்துடும்.

பந்தி மாஸ்டர்:

கல்யாணச் சமையல்ல இருக்கேன் மேடம். மசாலா கழண்டு போறதுக்கு நான் சொல்றேன். கோழியைக் கழுவினதும் அப்படியே தயிர்ல போட்டா கழுவின தண்ணி, தயிர்த் தண்ணி, எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்ந்து குழம்பாகிடும். கறியில மசாலா நிக்கவே நிக்காது. தவா அந்தத் தண்ணியை வத்த வைக்கவே படாதபாடு படும். அதுவரைக்கும் கறி வேகுமே தவிர, சிவக்காது.

நாங்க செய்யற முறை: கழுவின கோழியை வடிகூடையில அரை மணி நேரம் வெச்சுட்டு, சுத்தமான துணியால ஒத்தி எடுப்போம். அப்புறம் உப்பு, மஞ்சள்தூள், இஞ்சி பூண்டு மட்டும் தடவி ஃப்ரிட்ஜ்ல வைப்போம். தயிரை மெல்லிசுத் துணியில மூட்டையாக் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணியை இறக்கிடணும். அந்தக் கெட்டித் தயிர்ல மிளகாய்த்தூள், மல்லித்தூள், கரம் மசாலா, ரெண்டு ஸ்பூன் கடலெண்ணெய் குழைச்சு, சமைக்கறதுக்கு 3, 4 மணி நேரம் முன்னால ரெண்டாவது தடவையாத் தடவுவோம். வடக்கே தந்தூரி சிக்கனுக்கும் இப்படி ரெண்டு கட்டமாத்தான் தடவுறாங்க. ஒரு ஸ்பூன் அரிசி மாவோ வறுத்த கடலை மாவோ தூவினா பிடிமானம் இன்னும் நல்லா இருக்கும். எண்ணெயை மறக்காதீங்க. மிளகாயோட நிறமும் மசாலா வாசனையும் எண்ணெயிலதான் கரையும்.

எலுமிச்சையை இறக்கும்போது பிழிஞ்சா போதும் மேடம். ஊற வைக்கும்போது போட்ட சாறு வாயில தெரியாது, கடைசியில பிழிஞ்சது தெரியும்.

உணவியல் டீச்சர்:

மாஸ்டர் சொன்ன அந்த முதல் கட்டம் அருமை. அதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. கடையில பாட்டில்ல விக்கற இஞ்சி பூண்டு விழுதுல உப்பு ஏற்கெனவே இருக்கும். அதைப் பயன்படுத்தினா 12 கிராமைக் கொஞ்சம் குறைச்சுக்கணும்.

சென்னை வெயில்:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கு வேற மாதிரி பிரச்சினை. ஞாயித்துக்கிழமை காலையில 9 மணிக்குக் கண்ணெதிர்லயே வெட்டி வாங்கிட்டு வந்து, ரெண்டு மணி நேரம் மசாலாவுல வெளியவே வெச்சு, 12 மணிக்குச் சமைக்கிறேன். நெஞ்சுக்கறி இழுக்குது, மெல்ல முடியலை. இதைவிடப் புதுக்கறி எங்க கிடைக்கும்?

கறிக்கடைத் தெரு:

தம்பி, புதுசா இருக்கறதாலதான் இழுக்குது. வெட்டின கோழிக்குக் கொஞ்ச நேரத்துல உடம்பு விறைச்சுக்கும். அந்த விறைப்பு தானா விடறதுக்கு 4லேருந்து 6 மணி நேரம் ஆகும். விறைப்புல இருக்கும்போதே அடுப்புல ஏத்தினா என்ன தடவினாலும் இழுக்கத்தான் செய்யும். அதுலயும் நெஞ்சுக்கறியை எலும்புலேருந்து உடனே பிரிச்சுட்டா இன்னும் மோசம். சனிக்கிழமை சாயங்காலமே வாங்கி, கழுவி வடிச்சு, உப்பு மஞ்சள் தடவி ஃப்ரிட்ஜ்ல வெச்சுருங்க. வாங்கின சூட்டோட ஃப்ரீசர்ல தள்ளாதீங்க. விறைப்பு விடாம உறைஞ்ச கறி, உருகினப்புறமும் கடினமாத்தான் இருக்கும்.

உங்கப்பா காலத்துலயும் காலையில வெட்டி மதியம் சாப்பிட்டாங்களேன்னு கேப்பீங்க. அப்ப குழம்புல நெடுநேரம் கொதிச்சுது. அஞ்சு நிமிஷத்துல தவாவுலேருந்து எடுக்கற கறிக்கு அந்தக் கணக்கு ஆகாது.

உணவியல் டீச்சர்:

ரெண்டு மணி நேரம் வெளியில வெச்சதைப் பத்தியும் சொல்லணும். சென்னை வெயில்ல அது வேண்டவே வேண்டாம். 5லேருந்து 60 டிகிரி வரைக்கும் கிருமிகள் பெருகற சூடு. மஞ்சள்தூளும் தயிரும் இருக்கேன்னு நம்பி விடாதீங்க, அதெல்லாம் போதாது. ஊறுறது அரை மணி நேரத்தைத் தாண்டும்னா ஃப்ரிட்ஜ்தான், 4 டிகிரியோ அதுக்குக் கீழயோ. கண்ணாடிப் பாத்திரம் இல்லேன்னா எவர்சில்வர், மூடி போட்டு, ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல வைங்க. அலுமினியத்துல புளிப்பு படக்கூடாது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினா தெறிக்கற தண்ணியே மேடையெல்லாம் கிருமியைப் பரப்பும். கழுவித்தான் ஆகணும்னா பாத்திரத்துல தண்ணி பிடிச்சு மெதுவா அலசுங்க.

மாடிவீட்டு அடுக்களை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. விருந்துக்கு முன்னாலயே கொஞ்சமா வாங்கிச் செஞ்சு பார்த்துட்டேன். உப்பை எடை போட்டு, ராத்திரி உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு மட்டும் தடவி வெச்சேன். காலையில கட்டித் தொங்கவிட்ட தயிர்ல மசாலா குழைச்சுத் தடவினேன். பப்பாளி இல்லை. நெஞ்சுக்கறி நீர்ச்சத்தோட, பதமா இருந்துச்சு. எலும்புகிட்ட உப்பு சரியா ஏறியிருக்கு. மாமியாரும் ரெண்டாவது துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க!

ரெண்டு சந்தேகம் மிச்சம் இருக்கு. லெக் பீஸ் உள்ளே வேகறதுக்குள்ள மேல மசாலா கருகிடுது. பாத்திரத்துல தங்கின மசாலாவைக் கொட்ட மனசு வரலை, அதை என்ன பண்ணலாம்?

பந்தி மாஸ்டர்:

தயிரும் மிளகாய்த்தூளும் சீக்கிரம் கருகும் மேடம். லெக் பீஸை நடுத்தர தீயில போட்டு, மூடி வெச்சு 12 நிமிஷம் வாக்குல, நடுவுல ஒரு தடவை திருப்பி வேக விடுங்க. அப்புறம் மூடியை எடுத்துட்டுத் தீயைக் கூட்டிச் சிவக்க விடுங்க. நெஞ்சுக்கறிக்கு மூடி வேண்டாம், தவா நல்லாக் காஞ்சப்புறம் போட்டு ஒரு பக்கத்துக்கு 3, 4 நிமிஷம். கல்லு நிறைய அடுக்கிட்டா சூடு இறங்கித் தண்ணி விடும். இடைவெளி விட்டுப் போடுங்க, ரெண்டு ஈடாப் போட்டாலும் பரவாயில்லை.

உணவியல் டீச்சர்:

கறி வெந்ததா இல்லையான்னு நிறத்தை வெச்சுச் சொல்ல முடியாது. வீட்டுல உணவு தெர்மாமீட்டர் இருந்தா தடிச்ச இடத்துல, எலும்புல படாம குத்திப் பாருங்க. 74 டிகிரி காட்டினா பாதுகாப்பு. நெஞ்சுக்கறி அதுக்கு மேல போகப் போக வறண்டுடும், தொடை 80 தாண்டினாலும் நல்லாவே இருக்கும்.

தங்கின மசாலா பச்சைக்கறி பட்டது. வெந்த துண்டு மேல அதைத் தடவாதீங்க. வெங்காயம் தக்காளி வதக்கி, இந்த மசாலாவைக் கொட்டி நல்லாக் கொதிக்க விட்டா தொக்கு ஆகிடும். சப்பாத்திக்கு நல்லா இருக்கும். உப்பு அதுலயே இருக்கு, பார்த்துப் போடுங்க.

திண்டுக்கல் பேத்தி:

கடைசியா ஒண்ணு கேட்டுக்கறேன். இதே முறையில நாட்டுக்கோழியைத் தவாவுல போடலாமா? எங்க ஊர்ல அதுதான் கிடைக்கும்.

கறிக்கடைத் தெரு:

வேண்டாம்மா. நாட்டுக்கோழி 5, 6 மாசம் ஓடி ஆடித் திரிஞ்ச உடம்பு, நாரும் சவ்வும் நிறைய. ஊற வைக்கறதால அந்தச் சவ்வு இளகாது. ஈரத்தோட நெடுநேரம் வெந்தாத்தான் இளகும், குழம்போட ருசியும் அதுலேருந்துதான் வருது. உப்பு மஞ்சள் தடவி ஒரு ராத்திரி வெச்சுட்டு, மறுநாள் சின்ன வெங்காயம், மிளகு போட்டு, தண்ணி ஊத்தி, சிறு தீயில ஒரு மணி நேரமாவது வேக விடுங்க. குக்கர்னா முதல் விசிலுக்கு அப்புறம் தீயைக் குறைச்சு 20 நிமிஷம் வெச்சுட்டு, திறந்து ஒரு துண்டை அமுக்கிப் பாருங்க. எலும்பு கழண்டு வரலைன்னா இன்னும் கொஞ்ச நேரம் வைங்க. வறுவலாத்தான் வேணும்னா, இப்படி வெந்த கறியை எடுத்து மிளகுத்தூள், கறிவேப்பிலையோட நல்லெண்ணெயில பிரட்டிக்கோங்க.