தினம் 5 நிமிஷ விளையாட்டுப் பயிற்சி: கூட்டுக் குடும்பத்துல எப்படிச் சமாளிச்சீங்க?

வணக்கம். மதுரையில இருக்கோம். பையனுக்கு அஞ்சு வயசு. எதுக்கெடுத்தாலும் "மாட்டேன்", தட்டைத் தள்ளி விடுறது, தரையில உருளுறது. குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருத்தர்கிட்ட போனோம். அவனைத் திருத்துவாங்கன்னு பார்த்தா, பாடம் எங்களுக்குத்தான்! 1970கள்ல அமெரிக்காவுல ஷீலா ஐபர்க்ங்கிற உளவியலாளர் உருவாக்கின முறையாம். தினம் 5 நிமிஷம் அவன் இழுத்த பக்கம் போய் விளையாடணும். கேள்வி, கட்டளை, குறை மூணும் கூடாது. "சிவப்புக் கட்டையை மேல வைக்கிற"ன்னு அவன் செய்றதைச் சொல்லணும். சும்மா "சமத்து"ன்னு சொல்லாம, "பொம்மையை எடுத்து வெச்சது நல்லாருக்கு"ன்னு குறிப்பா பாராட்டணும். கேள்வி கேக்காம இருக்கிறதுதாங்க கஷ்டம். முதல் நாள் ரெண்டே நிமிஷத்துல நாலு கேட்டுட்டேன்.

சின்ன அடத்தைக் கண்டுக்காம விடணும், முதல்ல அழுகை கூடும்னும் சொன்னாங்க. கூடுது. நான் கல்லு மாதிரி உக்காந்திருப்பேன், அத்தை "புள்ளைய அழ விடுறியே"ன்னு போனைக் கையில கொடுத்துடுவாங்க. தப்பு சொல்லல, அவங்களுக்கு மனசு கேக்காது. ஆனா எவ்வளவு அழுதா போன் வரும்னு அவனுக்குக் கணக்குத் தெரிஞ்சுபோச்சு.

இதே பயிற்சி எடுத்தவங்க, பெரியவங்ககிட்ட எப்படிப் பேசினீங்க? அவங்களையும் ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களா?