இது ஷியர் பட்டையா, சுவரில் வழுக்கலா?

வணக்கம். சிடிஏபி (CTAB, சோப்பு போன்ற ஒரு வேதிப்பொருள்), சோடியம் சாலிசிலேட் என்ற உப்பு கலந்த புழு வடிவ மைசெல் (சோப்பு மூலக்கூறுகள் சேர்ந்து உருவாகும் நீண்ட இழை) கரைசலை, ஒன்றுக்குள் ஒன்றான இரு உருளைகளுக்கு இடையே ஊற்றி ரியோமீட்டரில் (திரவம் ஓடும் தன்மையை அளக்கும் கருவி) ஓட்டுகிறேன். ஷியர் வேகத்தை (திரவ அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் வீதம்) கூட்டக் கூட்ட, தகைவு (ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை) ஓரளவுக்கு மேல் ஏறாமல் சமதளமாக நின்றுவிடுகிறது. திரவம் ஷியர் வேகம் அதிகமான பட்டை, குறைவான பட்டை என்று இரண்டாகப் பிரிந்திருக்கலாம், அதுதான் ஷியர் பட்டை. ஆனால் திரவம் உருளையின் சுவரில் ஒட்டாமல் வழுக்கினாலும் வரைபடம் கிட்டத்தட்ட இப்படித்தான் வரும். கருவியோ சராசரியை மட்டுமே காட்டுகிறது. உருளைகளின் இடைவெளியை மாற்றிப் பார்த்தேன், சமதளத்தின் உயரம் மாறவில்லை. சரி, வழுக்கல் இல்லை, ஷியர் பட்டைதான் என்று சொல்ல அந்தச் சான்று போதுமா? உள்ளே திசைவேகம் எப்படி மாறுகிறது என்று நேரில் பார்க்காமல் எனக்கு மனம் ஒப்பவில்லை. துகள்களைத் தொடர்ந்து படமெடுப்பதா, மீயொலியால் அளப்பதா? ஓட ஆரம்பித்ததும் கரைசல் கலங்கிவிடுகிறது, அதனால் படம் தெளிவாக வருமா என்று சந்தேகம். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். சுவரைச் சொரசொரப்பாக்கிப் பார்த்தவர்களின் அனுபவமும் அவசியம் வேண்டும்.