குளிர்காலப் புல்லுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தேன், மயில் நீலமாக வந்துவிட்டது. எப்படிச் சரிசெய்வது?

பிரிஸ்கோவாசி | ஜனவரி கடைசி ஞாயிறு, இரவு

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரமாக உதவி வேண்டும்.

நாங்கள் டெக்சஸில், டல்லாஸுக்கு வடக்கே பிரிஸ்கோவில் இருக்கிறோம். பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை என் தங்கைக்கு வளைகாப்பு. எங்கள் வீட்டு பேக்யார்டில்தான் வைத்திருக்கிறோம், அறுபது பேர் வருகிறார்கள். நவம்பர் கடைசியில் உறைபனி தொடங்கியதிலிருந்து புல் முழுக்க வைக்கோல் நிறத்தில் கிடக்கிறது. போன வாரம் தங்கை கதவருகே நின்று பார்த்துவிட்டு, "போட்டோவில் எல்லாம் காய்ந்து போன மாதிரி வருமேண்ணா" என்றாள். அதிகம் எதுவும் கேட்காத பிள்ளை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதில் இறங்கினேன்.

புல்லுக்கென்றே விற்கிற பச்சை பெயிண்ட் ஒரு பாட்டில் வாங்கினேன். ஒரு பங்கு பெயிண்டுக்கு ஏழு பங்கு தண்ணீர் என்று லேபிளில் இருந்தது. கெட்டியாக அடித்தால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைத்து முதல் டேங்கில் நாலு பங்கு தண்ணீர்தான் விட்டேன். பாதி இடம் முடிவதற்குள் பெயிண்ட் குறைந்துவிட்டது. மிச்சத்தில் தண்ணீரைக் கூட்டி அடித்தேன்.

இப்போது வேலியோரம் பச்சையே இல்லை, மயில் கழுத்து நீலம். நடுவில் பட்டை பட்டையாக, வேட்டிக் கரை மாதிரி கோடுகள். சிமெண்ட் தரையின் ஓரத்திலும் பச்சைத் துளிகள் தெறித்திருக்கின்றன. போதாக்குறைக்கு ஒரு மூலையில் மூன்றடி வட்டத்துக்கு எவ்வளவு அடித்தாலும் சாம்பல் பூத்தது போலவே இருக்கிறது. மொத்தம் 1,200 சதுர அடி. இரண்டு வாரத்துக்குள் இதைத் தேற்ற முடியுமா?

பிளேனோ மாமா | அதே இரவு

தம்பி, பதறாதீர்கள். இது பலருக்கும் நடக்கிறதுதான். முதலில் சில விவரம் சொல்லுங்கள். என்ன புல்? பெர்முடாவா, செயின்ட் அகஸ்டினா? அடிக்கும்போது புல் ஈரமாக இருந்ததா? ஸ்ப்ரேயர் நுனியில் எந்த நாசில் போட்டீர்கள்? அடிப்பதற்கு முன்னால் சருகை எல்லாம் வாரினீர்களா?

பிரிஸ்கோவாசி

நன்றி மாமா. பெர்முடா. வீடு வாங்கியபோதே பில்டர் போட்டது. காலை எட்டரைக்கு ஆரம்பித்தேன், பனித்துளி இருந்தது. கையால் பம்ப் செய்கிற இரண்டு கேலன் ஸ்ப்ரேயர், அதோடு வந்த நாசில்தான். திருகினால் நேராகப் பீய்ச்சும், தளர்த்தினால் கூம்பாக விரியும். சருகு கொஞ்சம் இருந்தது, வாரவில்லை.

அட்லாண்டா பச்சை | திங்கள்

நான் ஜார்ஜியாவில் கோல்ஃப் மைதானப் புல் பராமரிப்பில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். இங்கே குளிர்காலத்தில் பெயிண்ட் அடிப்பது அன்றாட வேலை. குளிரிலும் பச்சையாக நிற்கும் ரை புல்லை விதைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பதற்குப் பதிலாகப் பல மைதானங்கள் இதற்கு மாறிவிட்டன. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தப் பெயிண்டில் மூன்று பொருள்: நிறமி, அதை இலையில் ஒட்டவைக்கும் பிசின், தண்ணீர். நிறமி இலைக்குள் போவதில்லை, மேலே படலமாக உட்காருகிறது. குளிரில் வளர்ச்சியை நிறுத்தி, சாகாமல் தூங்குகிற பெர்முடா இலை வைக்கோல் மஞ்சள். மெல்லிய படலம் அடித்தால் அந்த மஞ்சள் அடியிலிருந்து கசிந்து, மேலே உள்ள நிறமியோடு கலந்து கண்ணுக்குப் புல் பச்சையாகத் தெரியும். கெட்டியாக அடித்தால் மஞ்சள் முழுக்க மூடிப்போகிறது, நிறமியின் சொந்த நிறம்தான் தெரிகிறது. நிறைய பெயிண்டுகளில் அது நீலம் கலந்த பச்சை. உங்கள் வேலியோரத்தில் நடந்தது இதுதான். பெயிண்ட் கெட்டுப்போனதில்லை.

கோடுகளுக்குக் காரணம் இரண்டு. ஒன்று, கூம்பு நாசில். அது ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் போடும். தட்டையாக விசிறி போல விரிகிற நாசில் வாங்குங்கள், சில டாலர்தான். இரண்டு, நிறமி டேங்க் அடியில் தங்கிவிடும். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை டேங்கைக் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் கெட்டி, அப்புறம் நீர்.

இனி செய்ய வேண்டியது. இந்த வாரம் வெயிலாக, 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலே உள்ள ஒரு மத்தியானத்தில் புல்லை அரை அங்குலம் மட்டும் வெட்டுங்கள். பெயிண்ட் பெரும்பாலும் நுனியில்தான் ஏறியிருக்கும். நுனி போனால் அடியில் உள்ள மஞ்சள் வெளியே வந்து நீலம் தணியும். ஆசைப்பட்டு மொட்டை அடித்துவிடாதீர்கள். பிப்ரவரி உறைபனி இன்னும் பாக்கி இருக்கிறது, அந்தக் காய்ந்த இலைதான் வேருக்குப் போர்வை. வெட்டியதை முழுக்க வாரிவிடுங்கள்.

மறுநாள் புல் நன்றாக உலர்ந்தபின், காற்று இல்லாத நேரத்தில், லேபிள் சொன்ன ஒன்றுக்கு ஏழு அளவிலேயே கலந்து, நாசிலை ஒன்றரை அடி உயரத்தில் பிடித்து, ஒரு தடவை வடக்கு தெற்காகவும் அடுத்த தடவை கிழக்கு மேற்காகவும் மெல்லிசாக அடியுங்கள். பின்னால் நடந்துகொண்டே அடியுங்கள், காலடி விழாது. பனித்துளி இருந்தால் தொடவே கூடாது. பெயிண்ட் மேலும் நீர்த்து, வழிந்து, குழிகளில் தேங்கும். உங்கள் நடுப்பகுதி திட்டுக்கு அதுவும் ஒரு காரணம்.

வேலை முடிந்த கையோடு டேங்கையும் குழாயையும் வெந்நீரில் கழுவுங்கள். ஒரு மணி நேரம் விட்டால் பிசின் நாசிலுக்குள் இறுகி, அப்புறம் ஊசியால் குத்தினாலும் வராது.

சான்ஹோசே அக்கா | திங்கள் இரவு

சிமெண்ட் துளிக்கு நான் பதில் சொல்கிறேன். ஈரமாக இருக்கும்போதே துடைத்தால் துணியோடு வந்துவிடும். காய்ந்துவிட்டதால் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, முரட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். லேசான சாயல் மிஞ்சும், மழையிலும் காலடியிலும் போகும். அடுத்த முறை ஓரத்தில் பெரிய அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நகருங்கள், இன்னொருவர் துணை இருந்தால் நல்லது. கையுறை, முகமூடி கட்டாயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மனசில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2015 ஏப்ரல் 1 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நகரங்களின் தண்ணீர்ச் செலவை 25 சதவீதம் குறைக்க உத்தரவிட்டார். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுப் புல்லாகக் காய்ந்தது. வறட்சிக் காலத்தில் புல் காய்ந்ததற்காகக் குடியிருப்புச் சங்கங்கள் அபராதம் போடக்கூடாது என்று 2014லேயே சட்டம் வந்திருந்தது. ஆனாலும் எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. முன்பக்கம் முழுக்க பெயிண்ட் அடித்தோம். அழகாகத்தான் இருந்தது. பச்சையாகத் தெரிந்ததால், அதற்கு அனுமதித்த கொஞ்ச நஞ்சத் தண்ணீரைக் கூட ஊற்ற மறந்தோம். எங்களுடையது ஃபெஸ்க்யூ, குளிர் நாட்டுப் புல், கோடையில் ரொம்ப நாள் தாங்காது. அக்டோபரில் மழை வந்தபோது பெயிண்ட் இருந்தது, அடியில் புல் இல்லை. கொத்தாகப் பிடுங்கினால் வேரில்லாமல் கையோடு வந்தது.

அதனால்தான் கேட்கிறேன். அந்த மூன்றடி வட்டம் தூங்குகிறதா, செத்துவிட்டதா என்று பார்த்தீர்களா?

டென்டன் வாசகர் | செவ்வாய்

பெயிண்ட் எதற்கு? ரை விதை தூவினால் நிஜப் பச்சையே கிடைக்குமே.

அட்லாண்டா பச்சை

அது செப்டம்பர், அக்டோபரில் செய்ய வேண்டியது சகோதரரே. இப்போது மண் குளிர்ந்து கிடக்கிறது. முளைப்பதே மெதுவாக இருக்கும், இரண்டு வாரத்தில் அறுபது பேர் மிதிக்கும் அளவுக்கு வராது. தவிர, வசந்தத்தில் ரை உயரமாக நின்று நிழல் போட்டுக்கொண்டிருந்தால் பெர்முடா எழுந்திருக்கத் தாமதமாகும். விசேஷத்துக்கு மட்டும் பச்சை வேண்டும் என்றால் பெயிண்ட்தான் பொருத்தம். ஒன்று சொல்கிறேன்: இரும்புச் சத்து போட்டால் பச்சையாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வளர்கிற புல்லுக்குத்தான் அது வேலை செய்யும். தூங்குகிற புல்லுக்குப் போட்டால் சிமெண்டில் துருக்கறை மட்டும்தான் மிஞ்சும்.

பிரிஸ்கோவாசி | செவ்வாய் மாலை

அக்கா சொன்னதைப் படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. வெளியே போய்ப் பார்த்தேன். கூடவே அம்மாவும் வந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார்கள்.

அம்மா வேலியோரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, நீலப் புல்லை விரலால் வகிர்ந்து, மண்ணோடு ஒட்டி ஓடுகிற ஒரு கொடியை நகத்தால் கிள்ளி எடுத்தார்கள். மேலே காய்ந்த தோல். உரித்ததும் உள்ளே வெள்ளை வெளேரென்று ஈரம். கணுவில் கடுகளவு இளம்பச்சை முனை, முளைகட்டிய பயறு மாதிரி. "இது அருகம்புல்டா, பிள்ளையாருக்குப் போடுறது. இது எங்கே சாகும்?" என்றார்கள். பெர்முடா என்பது அருகம்புல்லா? ஏழு வருடமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் அந்த மூலை வட்டத்தில் கிள்ளினால் கொடி உள்ளேயும் பழுப்பு, நொறுங்குகிறது. இழுத்தால் தடையே இல்லாமல் வருகிறது. யோசித்துப் பார்த்ததில், ஆகஸ்டில் பிள்ளைகளின் பிளாஸ்டிக் நீச்சல் தொட்டி தண்ணீரோடு மூன்று வாரம் அங்கேதான் கிடந்தது.

அட்லாண்டா பச்சை

அம்மாவுக்கு என் வணக்கம். சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். அருகம்புல்லும் பெர்முடாவும் ஒன்றேதான். கோல்ஃப் மைதானங்களில் பெரிதும் பயன்படுகிற டிஃப்வே 419 என்ற ரகம் 1960ல் ஜார்ஜியாவின் டிஃப்டனில் வெளியானது. அதுவே நம் அருகையும் ஒரு ஆப்பிரிக்க இனத்தையும் சேர்த்து உண்டாக்கிய கலப்புதான். "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறோமே, அந்த வேர் நிஜமாகவே அப்படித்தான். மண்ணுக்கு மேலே ஒரு கொடி, கீழே ஒரு கொடி. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் உறைந்தபோது எத்தனையோ வீட்டு செயின்ட் அகஸ்டின் புல் செத்துப்போனது. அதற்கு மண்ணுக்கு அடியில் கொடி கிடையாது. பெர்முடா பெரும்பாலும் அடியிலிருந்து திரும்ப எழுந்தது.

நீங்கள் செய்த கிள்ளல் சோதனைதான் எல்லாவற்றுக்கும் முதல் படி. உள்ளே வெள்ளையாக, இழுத்தால் பிடித்துக்கொண்டு இருந்தால் தூக்கம். தாராளமாக அடிக்கலாம். வளராத புல் என்பதால் நிறம் இரண்டு மூன்று மாதம் நிற்கும். வெயிலில் மஞ்சள் நிறமி முதலில் வெளுத்து, மெல்ல மறுபடி நீலம் தட்டும், அதற்குப் பயப்பட வேண்டாம். மார்ச் கடைசியில் புது இலை வந்து மூடிவிடும். நடுவில் மழை இல்லாவிட்டால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அரை அங்குலம் தண்ணீர் விடுங்கள். பச்சையாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள், அக்காவின் வீட்டில் நடந்தது அதுதான்.

செத்த வட்டத்தில் பெயிண்ட் வீண். பிடிக்க இலை இல்லை, மண்ணில் இறங்கிவிடுகிறது. அதை விசேஷத்தன்று எதையாவது வைத்து மறையுங்கள். மே மாதம் சுற்றியுள்ள கொடியே உள்ளே ஊர்ந்து வரும். அவசரம் என்றால் ஓரத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு நாலைந்து கட்டி வெட்டி நடுங்கள்.

பிளேனோ மாமா

தம்பி, பிள்ளைத்தாய்ச்சி வருகிற இடம். கடைசிப் பூச்சு விசேஷத்துக்கு நாலு நாள் முன்னாலேயே முடியட்டும். வாடை போகட்டும், நன்றாகக் காயட்டும். வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், துணியில் பச்சை ஒட்டாமல் இருந்தால்தான் பட்டுப்புடவைகளை அதன்மேல் நடக்கவிட வேண்டும்.

பிரிஸ்கோவாசி | விசேஷம் முடிந்த ஞாயிறு

எல்லோருக்கும் மனசார நன்றி. புதன்கிழமை அரை அங்குலம் வெட்டி நாலு பை வாரினேன். வெட்டியதுமே நீலம் பாதி போய்விட்டது. வியாழன் மத்தியானம் 61 டிகிரி, காற்றே இல்லை. விசிறி நாசில் போட்டு, மனைவி அட்டையைப் பிடித்துக்கொண்டு நகர, குறுக்கும் நெடுக்குமாக அடித்தேன். காயும்போது கொஞ்சம் இருண்டு தெரிந்தது. மறுநாள் காலை பார்த்தால் ஜூன் மாதப் புல். கிட்டே குனிந்து பார்த்தால் மட்டும் இலையின் அடிப்பக்கம் மஞ்சளாக இருக்கிறது. வேலியோரத்தில் இரண்டு அடிக்கு இன்னும் லேசான நீலம் உண்டு, அங்கே வாழைக்கன்றுத் தொட்டிகளை வரிசையாக வைத்துவிட்டோம். மாமா சொன்ன வெள்ளைத் துணி சோதனையும் செய்தேன், ஒன்றும் ஒட்டவில்லை.

செத்த வட்டத்தின் மேல் தங்கைக்கு மணை போட்டு, பின்னால் பூ அலங்காரம். யாருக்கும் தெரியவில்லை. வளையல் அடுக்கி முடிந்ததும் அம்மா வேலியோரம் போய் ஒரு கொத்து அருகம்புல்லைக் கிள்ளி வந்து பிள்ளையாருக்கு வைக்கப் பார்த்தார்கள். பெயிண்ட் இருக்கிறதே என்று நான் தடுத்தேன். ஏப்ரலில் புதுசு வந்ததும் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அட்லாண்டா பச்சை அண்ணா, ஒரே ஒரு கேள்வி பாக்கி. களைமுளைப்பைத் தடுக்கிற மருந்தை இங்கே பிப்ரவரி கடைசியில் போடுவார்கள். பெயிண்ட் மேலேயே போடலாமா?

அட்லாண்டா பச்சை

போடலாம். குருணையாக வாங்கிப் போட்டு, உடனே தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள். பெயிண்ட் காய்ந்துவிட்டதால் கரையாது. ஆனால் அந்த மூன்றடி வட்டத்தில் மட்டும் போடாதீர்கள். புதுக் கொடி வேர்விடுவதை அது தடுக்கும்.