இடித்த வீட்டின் மிச்சங்களைக் காய்கறித் தோட்டத்தில் பயன்படுத்தலாமா?

வேலியோரம்:

வீட்டின் பின்பகுதியை இடித்துக் கட்டியதில் மிஞ்சியவை எல்லாம் தோட்டத்து மூலையில் குவிந்து கிடக்கின்றன. ஏறக்குறைய 400 செங்கற்கள், காரையும் கான்கிரீட்டும் கலந்த இடிபாடு ஒரு மேடு, மூன்று அடுக்கு வண்ணம் பொரிந்து உதிரும் இரண்டு கதவுகள், ஒரு பழைய குளியல் தொட்டி, நெளிநெளியான சாம்பல் நிறக் கூரைத் தகடுகள் ஆறு, புதுச் சாமான்கள் வந்து இறங்கிய சரக்குப் பலகைகள், நான்கு டயர்கள். இவற்றை வண்டி பிடித்து அப்புறப்படுத்துவதைவிடக் காய்கறித் தோட்டத்திலேயே பயன்படுத்திவிடலாம் என்று எண்ணுகிறேன். கூரைத் தகடுகளை முழ உயரத்துக்கு அறுத்துப் பாத்திகளைச் சுற்றி நடுவது, கதவுகளைப் பிளந்து மேட்டுப்பாத்திக்குப் பக்கப் பலகையாக்குவது, டயர்களில் கிழங்கு வகைகளை வளர்ப்பது, இடிபாட்டைச் சல்லடையில் சலித்துத் தொட்டிகளின் அடியில் வடிகாலுக்காகப் போடுவது என்று திட்டம். அனுபவம் உள்ளவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும்.

களிமண்:

உங்கள் திட்டத்தை முழு மனதோடு வரவேற்கிறேன். உலகில் மனிதச் செயல்களால் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து மட்டுமே வருகிறது. அப்படி உண்டாக்கிய பொருளை ஒரு தலைமுறைகூடப் பயன்படுத்தாமல் பள்ளத்தில் கொட்டிவிட்டு, பாத்தி ஓரத்துக்கென்று மறுபடியும் புதுக் கல் வாங்குவது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்திருக்கிறது. சண்டிகர் நகரைக் கட்டுவதற்காக இடிக்கப்பட்ட ஊர்களின் மிச்சங்களையும், உடைந்த பீங்கானையும், வளையல் துண்டுகளையும் கொண்டு நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1957 முதல் யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டம் அமைத்தார். 1976-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. குப்பை என்று நாம் ஒதுக்குவது பெரும்பாலும் நம் கண்ணின் குறைதான். தயங்காமல் தொடங்குங்கள்.

சல்லிவேர்:

வேலியோரம் அவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பிறகு வாதிடலாம். அந்தக் கூரைத் தகடுகளின்மேல் ரம்பத்தை வைக்காதீர்கள். பழைய வீட்டின் நெளிந்த சாம்பல் நிறச் சிமென்ட் தகடு என்றால், அப்படி இல்லை என்று ஆய்வகம் சொல்லும்வரை அதை ஆஸ்பெஸ்டாஸ் என்றே கொள்ள வேண்டும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. முழுத் தகடாகக் கிடக்கும்வரை ஆஸ்பெஸ்டாஸின் நுண்ணிய இழைகள் சிமென்ட்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். அறுத்தாலும் உடைத்தாலும் துளையிட்டாலும் அவை காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும், நோயோ பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் அதன் பயன்பாட்டைத் தடை செய்தது காரணமில்லாமல் அல்ல. தகடுகளை நீர் தெளித்து நனைத்து, உடையாமல் எடுத்து, கனத்த பாலித்தீன் தாளில் சுற்றி, உள்ளாட்சியிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

களிமண் அவர்களிடம் ஒரு கேள்வி. நேக் சந்த் அமைத்தது சிலைத் தோட்டம். அங்கே யாரும் கீரை பறித்துச் சமைப்பதில்லை. வேலியோரம் கேட்பதோ காய்கறிப் பாத்தியைப் பற்றி. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சரியா?

களிமண்:

தகடுகளைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். பட்டியலை வேகமாகப் படித்ததில் அது என் கண்ணில் படாமல் போனது. "தயங்காமல்" என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு பொருளைக் காட்டி மொத்தக் குவியலையும் நஞ்சாக்கிவிடக் கூடாது. கதவுகளை எடுத்துக்கொள்வோம். வண்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்று நீங்கள் சொல்லப்போவது தெரியும். ஈயம் செடியின் வேரிலிருந்து காய்க்கு மிகக் குறைவாகவே ஏறுகிறது. தக்காளியில் நிற்கும் ஈயத்தைவிட மண் ஒட்டிய கையில் நிற்பது அதிகம். அதோடு, பழைய வீடு எதுவானாலும் அதன் சுவரோர மண்ணில் உதிர்ந்த வண்ணத்தின் ஈயம் ஏற்கெனவே இருக்கத்தான் செய்யும். அப்படியிருக்க இரண்டு கதவுகளால் என்ன கூடிவிடும்?

சல்லிவேர்:

ஏற்கெனவே இருக்கிறது என்பது இன்னும் சேர்க்கலாம் என்பதற்குக் காரணமாகாது, ஐயா. இனிமேலும் சேர்க்கக் கூடாது என்பதற்கே அது காரணம். ஈயம் மக்குவதில்லை, ஆவியாவதில்லை, மழையில் எளிதாகக் கரைந்து போவதுமில்லை. விழுந்த இடத்து மேல்மண்ணிலேயே தலைமுறைகளாகத் தங்கிவிடுகிறது. அமெரிக்காவில் வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தை 1978-இல் தடை செய்தார்கள். பல நாடுகளில் அது வெகுகாலம் கழித்தே நடந்தது. ஆகவே மூன்று அடுக்குப் பூச்சுள்ள கதவில் அடியடுக்கு எந்தக் காலத்தது என்பதே முதன்மையான கேள்வி.

தக்காளியைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் வேலியோரம் டயரில் கிழங்கு வளர்க்கப்போகிறார். கீரையின் இலை மடிப்பிலும் கிழங்கின் தோலிலும் ஒட்டிவரும் மண்ணே வீட்டுக்குள் ஈயத்தைக் கொண்டுவரும் பெரிய வழி. நீங்களே சொன்ன "மண் ஒட்டிய கை" ஒரு குழந்தையின் கையாக இருந்தால் என்ன ஆகும்? கதவைப் பிளக்கும்போதும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும் வண்ணம் பொடியாகும் என்பதையும் மறக்க வேண்டாம். பொரிந்து தொங்கும் செதிலைவிடத் தேய்த்த தூளே கேடானது.

மரத்தைப் பற்றி இன்னொரு செய்தி. கதவு நிலை, வேலிக் கம்பம் போன்றவற்றில் இலேசான பச்சை நிறம் தெரிந்தால், அது கரையான் அரிக்காமலிருக்கக் குரோமியம், தாமிரம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரமாக இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு இதை ஏற்றுவதை 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு விட்டுவிட்டார்கள் என்றாலும் பழைய மரம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதை அடுப்பில் எரித்துச் சாம்பலைச் செடிக்கு உரமாகப் போடுபவர்களும் இருக்கிறார்கள். ஆர்சனிக் எரிந்து அழிவதில்லை. சாம்பலில்தான் திரண்டு நிற்கும். பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டையும் அப்படியே. நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரியோசோட் அதில் ஊறியிருக்கிறது; நல்ல வெயிலில் கட்டையின் மேல் கறுப்பாகக் கசிந்து பிசுபிசுப்பதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தூக்குக்குண்டு:

நான் முப்பது ஆண்டுகளாகக் கட்டட வேலை செய்பவன். இடிப்பது, கட்டுவது இரண்டும் பழக்கம். இருவரும் நஞ்சைப் பற்றியே பேசுகிறீர்கள். குவியலில் பெரும்பங்கு செங்கலும் இடிபாடும்தான், அவற்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

செங்கல்லில் எனக்குத் தயக்கம் இல்லை. ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிப்பது நன்றாகச் சுட்ட கல், தொம்மென்று ஒலிப்பது வேகாத கல். வேகாத கல்லை மண்ணுக்குள் வைத்தால் சில மழைக்காலத்தில் கரைந்துவிடும். பழைய சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய சுவரின் கல்லைக் கைக்கோடரியால் இலேசாகக் கொத்தினாலே சுத்தமாகிவிடும். சிமென்ட் கலவையில் கட்டியது கல்லோடு உடைந்தே வரும். பாத்தி ஓரத்துக்கு அந்தச் சுத்தமான 400 கல் தாராளமாகப் போதும்.

இடிபாடு வேறு கதை. புதிதாக உடைத்த கான்கிரீட்டின் காரத் தன்மை பி.எச். அளவில் (7 என்றால் நடுநிலை) 12-க்கும் மேல் நிற்கும். காற்றுப் பட்டு நாளாக ஆக மேற்பரப்பு சுண்ணாம்புக்கல்லாக மாறி அடங்கும். ஆனால் சல்லடையில் சலித்த தூளில் உடைந்த முகங்கள்தாம் அதிகம். கட்டியைவிடத் தூளே மண்ணின் காரத்தைச் சட்டென்று ஏற்றிவிடும். கார மண்ணில் இரும்புச் சத்து நிறைய இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. குருத்திலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடையெல்லாம் மஞ்சளாகவும் வெளுத்து வந்தால், உரம் போடுவதற்கு முன் அடியில் காரை கிடக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள். மண் ஏற்கெனவே புளிப்பேறியதாக இருந்தால் அதே தூள் நன்மையும் செய்யும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நடைபாதைக்கு அடியில் கெட்டிப்பதற்கு இடிபாட்டைவிட நல்ல பொருள் இல்லை.

வடிகாலுக்காகத் தொட்டியின் அடியில் ஜல்லி போடுவது மட்டும் வீண்வேலை.

களிமண்:

கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அடியில் ஓட்டுத் துண்டுகளைப் போட்டே பல ஆண்டுகளாகத் தொட்டி நிரப்புகிறேன். செடிகள் நன்றாகவே இருக்கின்றன.

தூக்குக்குண்டு:

துண்டுகள் போட்டதால் நன்றாக இருக்கின்றனவா, போட்டபோதும் நன்றாக இருக்கின்றனவா என்பதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முக்கிச் சொட்டுவது நிற்கும்வரை படுக்கைவாட்டில் பிடியுங்கள். பிறகு அதை ஒரு தட்டு ஜல்லியின் மேல் வையுங்கள். ஒரு துளிகூடக் கீழே இறங்காது. நுண்ணிய துளைகளில் பிடித்த நீர், அடியில் பெரிய இடைவெளி இருந்தால் அதற்குள் தானாக இறங்குவதில்லை. மேலே முழுவதும் நிறைந்து கனத்த பின்பே இறங்கும். இப்போது அதே பஞ்சைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடியுங்கள், சட்டென்று சொட்டும். மண்ணின் ஆழமே வடிகாலைத் தீர்மானிக்கிறது. ஜல்லி போட்டால் அந்த ஆழத்தில் நான்கு விரற்கடை குறைகிறது, ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு நெருக்கமாக ஏறி வருகிறது. துளை அடைக்காமலிருக்க ஒரே ஒரு ஓட்டுத் துண்டு வைப்பதில் தவறில்லை.

களிமண்:

பஞ்சை எடுத்துச் செய்து பார்த்தேன். சொட்டியது, நீங்கள் சொன்னபடியேதான். இத்தனை ஆண்டுகளாகத் துண்டு பொறுக்கிய நேரத்தை நினைத்தால்தான் சற்று வருத்தமாக இருக்கிறது.

ஒளிக்காமல் என் தரப்பின் இன்னொரு தோல்வியையும் சொல்கிறேன். பின்னிய பிளாஸ்டிக் சாக்குகளில் மண் நிரப்பிச் செடி வளர்த்தேன். இரண்டாவது கோடையில் சாக்கைத் தூக்கியபோது பிடித்த இடம் கையோடு வந்தது. வெள்ளை நார்கள் தலைமயிர்போல் பிரிந்து மண்ணெங்கும் கலந்துவிட்டன. இன்றும் களை எடுக்கும்போது மண்வெட்டியில் சிக்குகின்றன. அட்டைப்பெட்டியையோ செங்கல்லையோ பயன்படுத்தி எனக்கு இப்படி ஆனதில்லை. எனவே என் கொள்கை மறுபயன்பாட்டுக்கு எல்லை இல்லை என்பதல்ல. வெயிலில் பொடியாகாத பொருளாக இருக்க வேண்டும் என்பதுதான். அந்த அளவுகோலில் டயர் தேறுகிறது.

சல்லிவேர்:

டயர் பொடியாகாது என்றா சொல்கிறீர்கள்? ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாக ஆக்சைடு சேர்க்கிறார்கள்; அது மெல்லக் கசிகிறது. ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் 6 பி.பி.டி. என்ற பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து மாறி, மழைநீரோடு ஓடைக்குப் போய் கோஹோ சால்மன் மீன்களைக் கூட்டமாகக் கொன்றதை 2020-இல்தான் கண்டறிந்தார்கள். அதற்கு முன்பு அப்படி ஒரு பொருள் டயரிலிருந்து உருவாவதே நமக்குத் தெரியாது. தெரியாத கலவையில் கிழங்கு வளர்ப்பானேன்?

களிமண்:

அந்த மீன்கள் இறந்தது சாலையில் தேய்ந்து மழையில் அடித்துப்போன தூளால், ஓரிடத்தில் அசையாமல் கிடக்கும் டயரால் அல்ல. துத்தநாகமோ செடிக்குச் சிறிய அளவில் தேவைப்படும் சத்து. இருந்தாலும் கிழங்குக்கு வேண்டாம் என்பதை விட்டுக்கொடுக்கிறேன், பூச்செடி வைக்கட்டுமே.

சல்லிவேர்:

பூச்செடி வைத்தாலும் டயரின் உள்மடிப்பில் மண் போய் அடையாத இடத்தில் நீர் தேங்கும். ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழையில் பொரியும். ஏடிஸ் இனத்தைச் சேர்ந்த ஆசியப் புலிக்கொசு கண்டம் விட்டுக் கண்டம் பரவியதே பெரும்பாலும் பழைய டயர் வணிகத்தின் வழியாகத்தான்.

வேலியோரம்:

எல்லாவற்றையும் படித்தேன், இந்த இரண்டு நாளில் செய்தவற்றைத் தெரிவிக்கிறேன். தகடுகளைத் தொடவில்லை, நனைத்து மூடி வைத்திருக்கிறேன், உள்ளாட்சியிலிருந்து ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். செங்கற்களைத் தட்டிப் பார்த்ததில் 60 கற்கள் தொம்மென்றன. இடிபாட்டில் ஒரு பிடி எடுத்து வினிகர் விட்டேன். சோடா போல் நுரைத்தது, சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். அதை முழுவதும் நடைபாதைக்கு ஒதுக்கிவிட்டேன். டயர்களைத் திருப்பிக் கொடுக்கிறேன். சரக்குப் பலகைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவற்றில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரையும், அதன் அருகில் எச்.டி. என்ற எழுத்துகளும் இருக்கின்றன.

தூக்குக்குண்டு:

அது நல்ல செய்தி. மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை 30 நிமிடம் ஏற்றிப் பூச்சிகளைக் கொன்ற பலகை என்று அதற்குப் பொருள். எம்.பி. என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அதை ஒதுக்குங்கள். முத்திரையே இல்லாததையும், எண்ணெய்க் கறை படிந்ததையும் பாத்திக்கு எடுக்க வேண்டாம்.

களிமண்:

கதவுகளை என்ன செய்யப்போகிறீர்கள்? பிளக்காமல், தேய்க்காமல், செதில்களை ஈரத் துணியால் துடைத்தெடுத்து, மேலே புதுப் பூச்சு ஒன்று கொடுத்து, காய்கறிப் பாத்திக்குத் தொலைவில் கொடி படர நிறுத்தினால் யாருக்கும் தீங்கில்லை என்றே இப்போதும் கருதுகிறேன்.

சல்லிவேர்:

புதுப் பூச்சும் மழையில் நின்றால் சில ஆண்டுகளில் பொரியும். அப்போது அடியடுக்கையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு விழும். கூரைக்குக் கீழே நிற்பதாக இருந்தால் நான் எதிர்க்க மாட்டேன். வேலியோரம், கதவுகள் இத்தனை நாள் சாய்ந்து கிடந்த இடத்தின் மண்ணைப் பார்த்தீர்களா?

வேலியோரம்:

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். நீலமும் வெள்ளையுமாக நகக்கண் அளவுச் செதில்கள் ஒரு முழ அகலத்துக்கு விழுந்து கிடக்கின்றன. கையுறை போட்டுக்கொண்டு பொறுக்கிவிட்டு, அந்த இடத்து மண்ணில் ஒரு பை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுக்கப்போகிறேன். கீரை விதைக்க நினைத்திருந்தது அந்த மூலையில்தான்.