புதுப்பிப்பு: பென்டிரைவ் கோப்புறைகள் ஷார்ட்கட்டாக மாறிய சிக்கல் தீர்ந்தது

போன வாரம் பென்டிரைவில் இருந்த கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன, ஃபார்மேட் செய்தாலும் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது சரியாகிவிட்டது.

"நோய் (வைரஸ்) பென்டிரைவில் இல்லை, கணினியில் இருக்கிறது" என்று ஒருவர் எழுதியதுதான் சரி. முதலில் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை (விண்டோஸ் முழுதாகத் தொடங்கும் முன் நடக்கும் சோதனை) ஓட்டினேன். அது ஆப்டேட்டா கோப்புறையில் (நிரல்கள் தங்கள் தரவை வைக்கும் இடம்) ஒரு விபிஸ்கிரிப்ட் கோப்பை, அதாவது தானாக ஓடக்கூடிய சிறு நிரலைப் பிடித்து நீக்கியது. நிம்மதி ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. மறுநாள் கணினியைத் திறந்ததும் அதே கோப்பு அதே இடத்தில்!

அப்புறம் இன்னொருவர் சொன்ன, கணினியில் தானாக ஓடுபவற்றை எல்லாம் காட்டும் ஆட்டோரன்ஸ் கருவியை இறக்கிப் பார்த்தேன். ஸ்டார்ட்அப் பட்டியல் சுத்தம். ஆனால் குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில், ஏதோ அப்டேட் போலப் பெயர் வைத்துக்கொண்டு ஒரு பணி உட்கார்ந்திருந்தது. நான் தேடவே நினைக்காத இடம். அதை அழித்து, மறுபடி ஆஃப்லைன் ஸ்கேன் செய்தபின் ஐந்து நாளாகத் தொல்லை இல்லை.

கோப்புகள் அழியவில்லை, மறைந்துதான் இருந்தன. பிராப்பர்ட்டீஸில் 'ஹிடன்' குறியை எடுக்கப் போனால் அது மங்கலாக, தொட முடியாமல் இருக்கும். விண்டோஸின் சொந்தக் கோப்பு என்று காட்டும் 'சிஸ்டம்' பண்பும் சேர்த்துப் போட்டிருப்பதே காரணம். கமாண்ட் ப்ராம்ப்டில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) ஆட்ரிப் கட்டளையால் இரண்டையும் ஒன்றாக நீக்கினால் கோப்புறைகள் திரும்பத் தெரியும். ஷார்ட்கட்களை மட்டும் திறக்காமல் அழித்துவிடுங்கள். நான் ஒன்றைச் சொடுக்கித்தான் இவ்வளவும்.