உலாவியில் கிடைக்கும் பாட்காஸ்ட் ஓடையை மீடியா பிளேயரில் சேர்ப்பது எப்படி?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நான் ஃபயர்பாக்ஸ் உலாவியைப் பயன்படுத்துகிறேன். முன்பெல்லாம் பாட்காஸ்ட் தளங்களில் இருக்கும் ஆரஞ்சு நிற ஆர்.எஸ்.எஸ். சின்னத்தைச் சொடுக்கினால், அந்த ஓடையை (நிகழ்ச்சியின் பகுதிகளைப் பட்டியலிட்டுத் தரும் 'ஃபீட்') எந்த மென்பொருளில் சேர்க்க வேண்டும் என்று உலாவியே கேட்கும். இப்போது அதே சின்னத்தைச் சொடுக்கினால் சில தளங்களில் எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று கணினியில் இறங்குகிறது. வேறு சில தளங்களில் திரை முழுவதும் குறிகள் நிறைந்த பக்கம் விரிகிறது. இறங்கிய கோப்பை ஒரு பிளேயரில் திறந்தபோது பகுதிகளின் பட்டியல் வந்தது, ஒலியும் கேட்டது. ஆனால் தளத்தில் புதிய பகுதிகள் வெளியான பிறகும் என் பட்டியல் பழையபடியே இருக்கிறது. என் உலாவியில் ஏதேனும் அமைப்பு மாறிவிட்டதா? விஎல்சி போன்ற மென்பொருளில் முறையாகச் சந்தா செய்ய என்ன வழி?

மறுமொழி 1:

உங்கள் அமைப்பில் எந்தக் கோளாறும் இல்லை. 2018 டிசம்பரில் வெளியான ஃபயர்பாக்ஸ் 64ஆம் பதிப்பிலிருந்து ஓடையைக் காட்டும் வசதியையும் அதற்குச் சந்தா செய்யும் வசதியையும் நீக்கிவிட்டார்கள். பயன்படுத்துவோர் குறைவு, பராமரிக்கும் சுமை அதிகம் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஓடைகள் எங்கும் போய்விடவில்லை; உலாவிக்கும் பிளேயருக்கும் நடுவே இருந்த பாலம்தான் இல்லாமல் போனது.

பட்டியல் புதுப்பிக்கப்படாததற்குக் காரணம், நீங்கள் பிளேயரிடம் கொடுத்தது கோப்பு என்பதே. அந்தக் கோப்பு, நீங்கள் சொடுக்கிய நொடியில் ஓடை எப்படி இருந்ததோ அதன் நகல் மட்டுமே. அதை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள்: ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு, வெளியான தேதி, அதன் கீழே 'என்க்ளோஷர்' என்ற குறி ஆகியவை இருக்கும். அந்தக் குறிக்குள் ஒலிக்கோப்பின் முகவரி, பைட் கணக்கில் அதன் அளவு, அதன் வகை என மூன்று விவரங்கள் உண்டு. ஒலிக்கோப்பு இணையத்தில் இருப்பதால் பழைய நகலைத் திறந்தாலும் அது பாட்டுக்கு ஒலிக்கிறது. ஆனால் அந்த நகலில் புதிய வரி எதுவும் தானாகச் சேர வழியில்லை. 2000ஆம் ஆண்டில் ஆர்.எஸ்.எஸ். 0.92 வரையறையில் வந்த இந்த ஒரு குறியின் மேல்தான் பாட்காஸ்ட் உலகம் இன்றும் நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது.

ஆகவே சின்னத்தைச் சொடுக்காமல், அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி இணைப்பின் முகவரியை நகலெடுத்துக்கொள்ளுங்கள். விஎல்சியில் பிளேலிஸ்ட்டைத் திறந்தால் இடப்பக்கப் பட்டியில் இணையம் என்ற பிரிவின் கீழ் பாட்காஸ்ட் என்ற வரி இருக்கும். அதன் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் தோன்றும் கூட்டல் குறியை அழுத்தி முகவரியை ஒட்டினால் போதும். ஒன்றைக் கவனியுங்கள்: முகவரியின் தொடக்கத்தில் 'ஃபீட்', 'ஐடிபிசி', 'பிகாஸ்ட்' ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், அதை எடுத்துவிட்டு வழக்கமான 'எச்டிடிபிஎஸ்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

என் கருத்தில், எப்போதாவது கேட்பவருக்கு விஎல்சி போதும். அது பகுதிகளை இணையத்திலிருந்து நேரடியாக ஒலிக்கவிடுமே தவிர, தானாகப் பதிவிறக்கி வைக்காது. தொடர்ந்து கேட்பவர்கள் ஜிபாடர் என்ற கட்டற்ற மென்பொருளை வைத்துக்கொள்வது நல்லது. அதன் சந்தா மெனுவில் முகவரியை ஒட்டிவிட்டால், புதிய பகுதிகளைத் தேடுவது, இறக்குவது, கேட்டு முடித்தவற்றை நீக்குவது என எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

மறுமொழி 2:

மேலே நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இப்போது பல தளங்களில் ஆர்.எஸ்.எஸ். சின்னமே கண்ணில் படுவதில்லை. செயலிகளுக்கான பொத்தான்கள்தான் வரிசையாக இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் கண்ட்ரோல் விசையுடன் யு அழுத்தி மூல நிரலைத் திறந்து, 'ஆர்எஸ்எஸ்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். ஓடை இருக்கும் தளங்களில் பெரும்பாலும் பக்கத்தின் தலைப்பகுதியிலேயே அதன் முகவரியை எழுதியிருப்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகள் அகப்பட்டால் அவசரப்பட வேண்டாம். வேர்ட்பிரஸ் தளங்களில் கட்டுரைகளுக்கு ஓர் ஓடையும் வாசகர் கருத்துகளுக்கு வேறோர் ஓடையும் இருப்பது வழக்கம். முந்தைய மறுமொழியில் சொன்ன என்க்ளோஷர் குறியும் அதில் ஒலிக்கோப்பின் முகவரியும் எதில் இருக்கின்றனவோ, அதுதான் உங்களுக்குத் தேவையானது.

ஒரே ஒரு செயலியில் மட்டும் வெளியாகும் நிகழ்ச்சிகளுக்குப் பொது ஓடை இருக்காது. அவற்றை எந்த பிளேயரிலும் இந்த முறையில் சேர்க்க இயலாது. நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு எழுதி, ஓடையின் முகவரியை வெளிப்படையாகத் தரும்படி கேட்பதை நான் வலியுறுத்துவேன். ஓடையைத் தேடுபவர் இல்லை என்று நினைத்துத்தான் பலர் அதைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. முகவரியை ஒட்டியதும் விஎல்சியிலும் ஜிபாடரிலும் புதிய பகுதிகள் வந்துவிட்டன. இன்னும் ஒரு ஐயம்: இந்த ஓடைகளின் முகவரிகளை ஒவ்வொன்றாக ஒட்டாமல் கைப்பேசிக்கு மொத்தமாகக் கொண்டுபோக முடியுமா? அவற்றில் ஒன்று, சந்தாதாரர்களுக்கு மட்டும் பணம் பெற்றுக்கொண்டு தரப்படும் ஓடை.

மறுமொழி 3:

முடியும். ஜிபாடரில் சந்தாப் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஆன்டெனாபாட் செயலியில் அதை இறக்குமதி செய்யுங்கள். அந்தக் கோப்பில் ஓடைகளின் பெயர்களும் முகவரிகளும்தான் இருக்கும். எந்தப் பகுதியை எதுவரை கேட்டீர்கள் என்ற விவரம் உடன் வராது.

கட்டண ஓடையைப் பொறுத்தவரை கவனம் தேவை. இத்தகைய ஓடைகள் பலவற்றில் உங்களுக்கென உருவாக்கப்பட்ட ரகசியக் குறியீடு முகவரிக்குள்ளேயே அடங்கியிருக்கும். அந்த முகவரி யார் கையில் கிடைத்தாலும் அவர் உங்கள் கணக்கில் கேட்கலாம். நடத்துபவர்கள் அதைக் கண்டறிந்தால் உங்கள் அணுகலையே நிறுத்தவும் கூடும். எனவே ஓபிஎம்எல் கோப்பை நண்பர்களுக்கு அனுப்புவதற்கு முன் டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து அந்த ஒரு வரியை நீக்கிவிடுங்கள்.